பழைய கேமிங் பிசிக்குக் காசு போடும் முன்

“அண்ணே, ஏழெட்டு வருசத்துக்கு முன்னாடி வாங்குன பிசி. புது கேம் போட்டா திக்கித் திக்கி ஓடுது. கையில பத்தாயிரம்தான் இருக்கு. கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாத்தினா போதுமா?”

மதுரையில் கல்லூரித் தம்பிகளோடு டீ குடிக்க உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பத்தாயிரம் என்பது பல வீடுகளில் ஒரு மாத வாடகை; அதைத் தப்பான பாகத்தில் போட்டுவிட்டால் அடுத்த பத்தாயிரம் சேர ஒரு வருடம் ஆகும். அதனால் எந்தக் கார்டு வாங்கலாம் என்று பேசுவதற்கு முன்னால், உங்கள் மெஷினில் எது தடுக்கிறது என்று பார்த்துவிடுவோம். அதற்குக் காசு செலவில்லை.

திரையில் நொடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டும் என்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி நொடி. அந்த நேரத்துக்குள் பிராசசர் தன் கணக்கை முடிக்க வேண்டும்: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே விழுகிறது, கார் எந்தப் பக்கம் திரும்புகிறது. கிராபிக்ஸ் கார்டு அதை வாங்கிப் படமாக வரைய வேண்டும். பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாவை வீசித் தருகிறார், இன்னொருவர் கல்லில் போட்டு எடுக்கிறார். மாவு வீசுபவர் மெதுவாக இருந்தால், எவ்வளவு பெரிய கல் வாங்கிப் போட்டாலும் பரோட்டா எண்ணிக்கை கூடாது. பிராசசர் தடுக்கும்போது புதுக் கார்டு வாங்குவது அந்தப் பெரிய கல்தான்.

எது தடுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேமின் செட்டிங்ஸில் வி-சிங்க்கை அணைத்துவிட்டு, ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் தடுத்தது கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசசரோ ரேமோ காரணம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். கேம் ஓடும்போது ஜிபியு 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் அது முழு மூச்சாக உழைக்கிறது என்று பொருள். சிபியு எண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஆறு கோரில் ஒன்றிரண்டு முழுதாக நிரம்பியிருந்தாலும் மொத்தக் கணக்கு 50 விழுக்காட்டுக்குக் கீழேகூடக் காட்டலாம்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய விஷயம்: வெயில். கார்டின் ஹீட்சிங்க்கும் விசிறியும் அறைக் காற்றைக் கொண்டுதான் சூட்டை இறக்குகின்றன. அறையில் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி கார்டிலும் ஏறும். மார்கழியில் 25 டிகிரி அறையில் 70 டிகிரியில் ஓடிய கார்டு, சித்திரையில் 38 டிகிரி அறையில் அதே வேலையை அதே விசிறி வேகத்தில் செய்தால் 83-ஐத் தொடும். என்விடியாவின் 10 வரிசைக் கார்டுகள் பலவும் அந்த இடத்தை ஒட்டித்தான் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. மாடி வீட்டு அறையில், கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் விடும் நேரத்தில் கேம் ஆடுகிறவர்களுக்கு, மெஷின் பழசாகிவிட்டது என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கும்.

அதோடு புழுதியும் சேர்கிறது. திருமங்கலம், மேலூர் பக்கம் சாலையோர வீடுகளில் கேபினட்டின் முன்வலை சில மாதங்களிலேயே அடைத்துக்கொள்ளும். கரண்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி புளோவரால் ஊதுங்கள். விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். இல்லாவிட்டால் அது கண்டபடி சுழன்று பேரிங் கெடும். பிராசசரின் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருந்தால் மாற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலை. முன்னால் காற்றை இழுக்க ஒரு விசிறி, பின்னால் தள்ள ஒரு விசிறி இருக்கிறதா என்றும் பாருங்கள். மேசையைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு கேமைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பணம் போடும் முதல் இடம் ரேம். 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் அதே வகையில் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். அளவு கூடுவது ஒரு பக்கம். இரண்டு குச்சி இருந்தால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு வழி திறக்கிறது. டிடிஆர்4 2666 ரேம் ஒற்றையாக நொடிக்குச் சுமார் 21 ஜிபி தரும், ஜோடியாக 42 தரும். தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 2200ஜி, 3400ஜி, 5600ஜி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட லாபமான செலவு இல்லை, ஏனென்றால் அவற்றின் கிராபிக்ஸ் அந்த ரேமிலிருந்துதான் படம் வரைகிறது. ஆனால் இப்போது ரேம் விலை ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சரக்கைத் திருப்பிவிடுகிறார்கள். ரேம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் நுகர்வோர் வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் பழைய டிடிஆர்4 குச்சியை செகண்ட் ஹேண்டில் வாங்கத் தயங்க வேண்டாம். ரேம் எளிதில் தேயும் பொருள் அல்ல. மெம்டெஸ்ட் என்ற சோதனை நிரலைப் போட்டு ஒரு ராத்திரி ஓடவிட்டால் குறை தெரிந்துவிடும்.

இன்னும் ஹார்டு டிஸ்க்கிலேயே விண்டோஸ் ஓடினால் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். ஃபிரேம் பெரிதாகக் கூடாது. ஆனால் கேம் திறக்கும் நேரம் குறையும், கேமில் ஊருக்குள் வண்டி ஓட்டும்போது கட்டடங்கள் தாமதமாக முளைப்பது நிற்கும்.

கார்டு வாங்கத் துடிப்பவர்கள் முதலில் கேபினட்டைத் திறந்து பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி. கேபினட்டோடு சேர்ந்து வந்ததில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை விடுங்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 18, அதாவது 216 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்தப் பங்கிலிருந்துதான். 65 வாட் பிராசசரும் 132 வாட் ஆர்எக்ஸ் 6600 கார்டும் சேர்ந்தால் 197. மதர்போர்டுக்கும் விசிறிகளுக்கும் மீதி அதிகம் நிற்காது. அப்படிப்பட்ட எஸ்எம்பிஎஸ் கெடும்போது கூடவே மதர்போர்டையும் கொண்டுபோகலாம். யூபிஎஸ்ஸிலும் இதே ஏமாற்றம் உண்டு. 600 விஏ என்பது 600 வாட் அல்ல, பெரும்பாலும் 360 வாட். கேம் நடுவில் கரண்ட் போனதும் யூபிஎஸ் கீச்சென்று கத்தி உடனே அணைந்தால், அது பேட்டரிக் கோளாறாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, சுமை கூடியதாகவும் இருக்கலாம்.

இப்போது கார்டுக்கு வருவோம். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ நம் பிள்ளைகளுக்கு நிறைய உழைத்த கார்டு. ஆனால் அந்த 10 வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். வீட்டில் இருப்பது ஓடட்டும். புதிதாக அதில் காசு போட வேண்டாம். எஸ்எம்பிஎஸ் சின்னது என்றால் 75 வாட்டில் ஓடும் ஜிடிஎக்ஸ் 1650. தனி மின்வயர் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் நல்லது என்றால் 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டையும் பழைய போர்டில் போடாதீர்கள். அவை நான்கு பிசிஐ வழிகளை மட்டுமே பயன்படுத்துகின்றன. பழைய போர்டில் அந்த வழிகளின் வேகமும் பாதியாகிவிடும்.

இந்த பட்ஜெட்டுக்கு செகண்ட் ஹேண்ட் கார்டுதான் அகப்படும். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15-இல் கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியது என்பதாலேயே ஒரு கார்டு கெட்டது ஆகிவிடாது. விசிறியும் உள்ளே இருக்கும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். போலிக் கார்டு பலவற்றைப் பெயரின் முன்னாலேயே போலி என்று காட்டிவிடும். ஆர்எக்ஸ் 580 என்று விற்பவர்களிடம் ஷேடர் எண்ணிக்கை 2304-ஆ 2048-ஆ என்று பாருங்கள்; 2048 என்றால் உள்ளே இருப்பது 570-இன் அளவு. பிறகு அரை மணி நேரம் கேம் ஓட்டிச் சூட்டைக் கவனியுங்கள். சென்னை ரிச்சி தெரு வரை போய் வாங்குகிறவர்கள் இதை அங்கேயே செய்துவிட வேண்டும். குறை சொல்லி மாற்ற 450 கிலோமீட்டர் திரும்பிப் போக முடியாது. பில்லும் மிச்ச வாரண்டியும் இருக்கும் கார்டுக்குச் சில நூறு கூடக் கொடுக்கலாம்.

சோதனையில் பிராசசர்தான் தடுக்கிறது என்று தெரிந்தால் போர்டைப் பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 2017-இல் வந்த ஏ320, பி350 போர்டுகள் பலவற்றிலும் பயாஸ் மட்டும் மாற்றினால் 2022-இல் வந்த ரைசன் 5 5600 உட்காரும். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை மாற்ற வேண்டும், அதுவும் யூபிஎஸ்ஸில் போட்டு. பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் தொடவே கூடாது. பாதியில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். இன்டெல் 6, 7-ஆம் தலைமுறைப் போர்டில் செகண்ட் ஹேண்டில் ஒரு ஐ7 7700 வரை போகலாம். 8-ஆம் தலைமுறைச் சிப்பு அளவில் பொருந்தினாலும் வேலை செய்யாது. தவிர, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்த இன்டெல் தலைமுறைகளை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, ஏற்பதில்லை. அப்படிப்பட்ட மெஷினுக்கு எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு வரைதான் செலவு செய்யலாம். மூன்றையும் கழற்றி நாளைக்குப் புது போர்டில் மாட்டலாம். பழைய ஐ7-இல் போட்ட பணம் பழைய போர்டோடேயே போய்விடும்.

ஆக, கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: 720-க்கு இறக்கியபோது ஃபிரேம் எவ்வளவு ஏறியது, சுத்தம் செய்தபின் சூடு எத்தனை டிகிரி, எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர். எதை விற்கலாம் என்று கடைக்காரர் யோசிப்பதற்கு முன்பே எதை வாங்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சில பேருக்கு அந்தத் தாளே, இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடும். அப்போது அந்தப் பத்தாயிரத்தை வங்கியிலேயே விட்டு வையுங்கள் தம்பி. புது போர்டு வாங்கும் நாளில் அது கைகொடுக்கும்.