அரிட்டாபட்டி தந்த பாடம்

மலை வாய் திறந்து பேசுமா? பேசாது! ஏரி எழுந்து நின்று எதிர்ப்புக் குரல் கொடுக்குமா? கொடுக்காது! அவற்றுக்காக மக்கள்தான் பேச வேண்டும். பேசினார்கள், மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்து மக்கள்!

ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த கல்வெட்டு, இத்தனையும் கொண்ட ஊர் அரிட்டாபட்டி. அங்கும் மீனாட்சிபுரத்திலுமாக ஏறத்தாழ 193 எக்டேர் நிலத்தை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்தது.

ஈராண்டு கழிந்தது. வந்தது டில்லியின் ஏலம்! 2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் போன்ற கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட மத்திய அரசு, 2024 நவம்பரில் அந்தத் தலத்தையும் உள்ளடக்கி ஏறத்தாழ 5,000 ஏக்கரை ஏலத்தில் விட்டது. உழுபவனைக் கேட்டார்களா? ஊராரைக் கேட்டார்களா? இல்லை!

ஊர்கள் ஒன்றுகூடின. கிராம சபைகளில் தீர்மானங்கள் பிறந்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் அதே குரலை ஒருமனதாக எழுப்பிற்று. 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி ஆயிரமாயிரமாய் மக்கள் நடந்தனர். சனவரி 23 அன்று ஏலம் ரத்து!

வெற்றி யாருடையது? ஊர் மட்டும் பேசியிருந்தால், "ஏதோ உள்ளூர்க் கூச்சல்" என்று ஒதுக்கியிருப்பார்கள். கோட்டை மட்டும் பேசியிருந்தால், "கட்சி அரசியல்" என்று கட்டி வைத்திருப்பார்கள். ஊரும் கோட்டையும் ஒரே குரலில் பேசின. டில்லி இறங்கி வந்தது. ஊரார் சொல்லைச் சுமந்து செல்பவனே தலைவன். ஊராருக்கு உத்தரவு போடுபவன் அல்லன்!

தோழர்களே! மாநிலத்துக்கு உரிமை வேண்டும் என்று முழங்கும் நாம், ஊராட்சியின் உரிமையை மறக்கலாமா? டில்லியிடம் கேட்பதைக் கோட்டையோடு நிறுத்திக்கொண்டால், அது சுயாட்சி ஆகுமா?

ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டியது கிராம சபை. அந்த நாளில் நம் தோழர்கள் எங்கே இருக்க வேண்டும்? கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்கா? அல்ல! சபையில் அமர்ந்து, வரவு செலவைக் கேளுங்கள். வாய்க்காலை அடைத்தவன் யார், ஏரி மண்ணை அள்ளியவன் யார் என்று கேளுங்கள். அவன் நம் கரைவேட்டி கட்டியவனாயினும் கேளுங்கள்! அப்படிக் கேட்கத் துணிந்தால்தான், நாளை டில்லியிடம் நாம் கேட்கும்போது ஊர் நம் பின்னால் நிற்கும்.