அணுவும் நம் படகும்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. காற்றே அதற்குப் பெருந்துணை, காற்றுக்கு விலையில்லை. இன்றோ நம் கடற்றொழிலாளர் மண்ணெண்ணெயை நம்பி வாழ்கின்றனர். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் அருகியபோது குடாநாட்டுக் கரைகளிலே படகுகள் வாளாகிடந்தமையை நாம் மறக்கவில்லை. ‘எண்ணெய் வேண்டாத அணுக்கப்பல் நமக்கும் வாராதோ?’ என மாணவர் வினவுதல் இயல்பே.

அணுக்கப்பலும் ஒரு நீராவிக் கப்பலே. யுரேனிய அணுக்கருக்கள் பிளவுறும்போது தோன்றும் வெப்பம் நீரை ஆவியாக்க, அவ்வாவி சுழலியைச் சுழற்றுகின்றது. 1962இற் சேவைக்கு வந்த அமெரிக்காவின் ‘சவன்னா’ ஏறத்தாழ 4,50,000 மைல் ஓடியது. அதற்குச் செலவான யுரேனியம் ஏறத்தாழ 74 கிலோகிராம் மட்டுமே. எனினும், எண்ணெய்க் கப்பல்களிலும் அதனை நடத்தும் செலவு மிகுந்தமையால், 1970களின் தொடக்கத்தில் அது சேவையினின்றும் நீங்கிற்று.

சிறு படகுக்கு இவ்வலு பொருந்தாமைக்குக் காரணம் கவசமாகும். உலையினின்று வெளிப்படும் நியூத்திரன்களையும் காமாக் கதிர்களையும் தடுக்க ஈயமும் காங்கிரீட்டும் நீரும் தடித்த சுவராய் நிற்றல் வேண்டும். வலு பாதியாயினும் சுவரின் தடிப்புப் பாதியாகாது, சிறிதே குறையும். சவன்னாவின் சுழலி ஏறத்தாழ 20,000 குதிரைவலுவினது. இருபது முப்பது குதிரைவலு போதுமான நம் படகு அக்கவசத்தின் பாரத்தாலேயே அமிழ்ந்துவிடும்.

பொறியியலினும் கடினமானது மக்கள் நம்பிக்கை. 1974 செப்டெம்பரில் யப்பானின் ‘முற்சு’ என்னும் கப்பல் முதன்முறை கடலிற் சோதிக்கப்பட்டபோது, கவசத்தின் இடைவெளி வழியே கதிர் கசிந்தது. கசிவு சிறிதே. ஆயினும், தம் கடல்விளைவை வாங்குவாரின்றிப் போகுமென அஞ்சிய மீனவர் கப்பலைத் துறைக்குள் வரவொட்டாது தடுத்தனர். ஐம்பது நாளளவு அது கடலிலேயே நின்றது. அவர்களை அறியாமையுடையோர் என இகழ்தல் முறையன்று. கடலை நம்பி வாழ்வோர்க்கு ஐயமே பெருநட்டமாகும்.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலே மாதிரி உலை அமைத்துச் சோதித்த இந்தியா, 2009இல் ‘அரிகந்த்’ என்னும் அணு நீர்மூழ்கியைக் கடலில் இறக்கியது. நீருள் நெடுநாள் உறையும் போர்க்கலத்துக்கும் பனிக்கடலைப் பிளக்கும் பெருங்கப்பலுக்கும் அணுவலு தக்கதே. மாலையிற் சென்று காலையில் மீளும் படகுக்கோ ஞாயிறும் மின்கலமும், பாட்டன்மார் அறிந்த சோளகமும் வாடையுமே அணித்தான துணைகள்.

ஆதலின், நம் மாணவர் அணுவியலைக் கற்க. படகுக்கேற்ற வலுவையும் ஆராய்க. எவ்வலு வரினும், அதனைக் கடலில் இறக்குமுன் கடலோடு வாழ்வாரைக் கேட்டல் வேண்டும். முற்சுவின் கதை நமக்குணர்த்தும் பாடம் இதுவே.