டிரெய்லர் டயர் ஒரு பக்கம் மட்டும் தேயுதா? அச்சை செக் பண்ணுங்க!

பனமலை பக்கமிருந்து செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிவரும் டிராக்டர் டிரெய்லரில் டயர் சீக்கிரம் தேய்ந்தால், புது டயர் மாட்டினால் மட்டும் போதுமா? போதாது. தேய்ந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

நடுவில் தேய்ந்தால்: காற்று அதிகம்.

2 ஓரமும் தேய்ந்தால்: காற்று குறைவு.

உள் ஓரம் மட்டும் தேய்ந்தால்: அதிக பாரத்தில் அச்சு வளைந்திருக்கலாம்.

திட்டுத் திட்டாகத் தேய்ந்தால்: பேரிங் லூசாகியிருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

2 சக்கர டிரெய்லர் என்றால், பாரத்தை இறக்கிட்டு, முன் கொக்கியிலிருந்து ஒவ்வொரு சக்கரத்தின் மையம் வரை டேப்பால் அளந்து பாருங்க. அளவு வேறுபட்டால், யூ போல்ட் தளர்ந்து அச்சு நகர்ந்திருக்கலாம். ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தை ஆட்டிப் பாருங்க. ஆடினால் பேரிங்கை கவனிக்கணும்.

வளைந்த அச்சை வெல்டிங் வைத்துச் சமாளிக்காதீங்க. பாரத்தோடு முறிந்தால், பின்னால் பைக்கில் வருபவரின் உயிருக்கும் ஆபத்து.