திருடு போகும் தண்ணீர் மீட்டர், தடுமாறும் சட்டம்

புது தில்லி: தலைநகரின் குடியிருப்புகளில் வாசலோரம் பொருத்தப்பட்ட தண்ணீர் மீட்டர்களும் பித்தளைக் குழாய்களும் இரவோடு இரவாகக் களவு போகின்றன. பழைய இரும்புக் கடைகளில் பித்தளைக்கு எடைக்கு விலை உண்டு; உருக்கிவிட்டால் அடையாளமும் மிஞ்சாது.

பறிகொடுத்தவரின் இழப்பு மீட்டரின் விலையோடு முடிவதில்லை. 2015-இல் தில்லி அரசு அறிவித்த மாதம் 20 ஆயிரம் லிட்டர் இலவசக் குடிநீர், மீட்டர் இயங்கும் வீடுகளுக்கே உரியது.

2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நியாய சன்ஹிதா, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 303-ஆவது பிரிவின்படி, ரூ. 5,000-க்கும் குறைவான மதிப்புள்ள பொருளைத் திருடி முதல்முறையாகத் தண்டிக்கப்படுபவர், அப்பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவையே தண்டனை.

சிறு குற்றத்துக்குச் சிறை வேண்டாம் என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால், உடன் நிறைவேறிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், இத்தகைய திருட்டை நடுவர் உத்தரவின்றிக் காவல்துறை புலன்விசாரணை செய்ய இயலாத குற்றமாக்கிவிட்டது. வீட்டு மீட்டரின் விலையோ பெரும்பாலும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது.

எனினும், திருட்டுப் பொருளென அறிந்தே வாங்குவோருக்கு 317-ஆவது பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. அதற்கு ரூ. 5,000 வரம்பு இல்லை. காவல்துறை தட்ட வேண்டிய கதவு அதுவே.