தெருவிலிருந்து அரங்கிற்கு
அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து வீதிகளில் ஆடி வளர்ந்த ரென்னி ஹாரிஸ் என்னும் கலைஞர், தெருமுனைக் கேளிக்கை என்று பலரும் அலட்சியம் செய்த ஹிப்-ஹாப் நடனத்திற்கும் கதை சொல்லும் சக்தி உண்டு என்ற திடமான நம்பிக்கையோடு, 1992ஆம் ஆண்டில் 'பியூர்மூவ்மென்ட்' என்ற நடனக் குழுவை ஸ்தாபித்தார். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தைத் தழுவி, 2000ஆம் ஆண்டில் அவர் அரங்கேற்றிய 'ரோம் அண்ட் ஜூவல்ஸ்' என்ற படைப்பில், பகை கொண்ட இரு குடும்பங்களும் இரண்டு தெருக்கூட்டங்களாக உருமாறி, ஒன்று பிரேக் நடனத்தையும் மற்றொன்று ஹிப்-ஹாப் ஆட்டத்தையும் தம் பாஷையாகக் கொண்டு மோதுகின்றன. இதில் விசேஷம் என்னவென்றால், நாயகி மேடைக்கு வருவதே இல்லை. அவள் எதிரே நிற்பதாகப் பாவித்து நாயகன் பேசுவதைக் கொண்டே ரசிகர்கள் அவளை மனத்தில் சிருஷ்டித்துக்கொள்ள வேண்டும். அவளை இப்படி அரூபமாக்கிய துணிவே, எமது அபிப்பிராயத்தில், அப்படைப்பின் தலையாய சிறப்பு.