குருதியும் மூலிகையும்

உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் உயிர்வளியைச் சுமந்து செல்வது குருதி. அதன் செந்நிறத்துக்குக் காரணம் அதிலுள்ள சிவப்பணுக்கள். அவ்வணுக்களுள் இரும்புச் சத்தைக் கொண்ட ஹீமோகுளோபின் என்னும் பொருள் இருக்கின்றது. நுரையீரலில் உயிர்வளியைப் பற்றி உடலெங்கும் கொண்டு சேர்ப்பது அதுவே. ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்களே. ஆதலின், மடியும் அணுக்களுக்கு ஈடாக எலும்பு மச்சை நாள்தோறும் புதிய அணுக்களை ஆக்குதல் வேண்டும்.

அவ்வாக்கத்துக்கு வேண்டிய பொருள்கள் குறையின், குருதி வளம் குன்றும். முகமும் கண்ணிமையின் உட்புறமும் வெளுக்கும். சிறிது தொலைவு நடப்பினும் மூச்சு இளைக்கும். பாடத்தில் மனம் ஊன்றாது. உடல் வெளிறும் இந்நோயைச் சித்த மருத்துவ நூல்கள் பாண்டு என்று கூறும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் குருதிச் சோகை உடையவர். இதனைச் சோம்பல் என்று கருதி வாளா இருப்பாரும் உளர்.

பாண்டு நோய்க்குக் கரிசலாங்கண்ணி முதலிய மூலிகைகளையும் அன்னபேதிச் செந்தூரத்தையும் சித்த மருத்துவர் வழங்குவர். அன்னபேதி என்பது இரும்பும் கந்தகமும் உயிர்வளியும் சேர்ந்த பச்சை நிற உப்பு. இக்காலத்து இரும்புச் சத்து மாத்திரைகள் பலவற்றில் அமைந்திருப்பதும் அவ்வுப்பே.

இரும்பு ஒன்றே போதுமா? போதாது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளரான கருவுற்ற மகளிரை வருத்திய குருதிச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டின் சாறு அதனைத் தீர்ப்பதைக் கண்டு, 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த சத்து இன்னதென்பது பின்னரே விளங்கிற்று. 1941ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர் ஸ்பினாச் என்னும் கீரையிலிருந்து அச்சத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். சிவப்பணுக்கள் முதிர்ச்சி பெற இச்சத்து இன்றியமையாதது.

கீரைகளில் இவ்விரு சத்துகளும் உள்ளன. ஆயினும், கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. நெல்லிக்காய், எலுமிச்சை ஆகியவற்றிலுள்ள சி உயிர்ச்சத்து அதனை ஏற்கத் துணைபுரியும். உணவோடு பருகும் தேநீரோ அதற்குத் தடையாகும். ஆகவே, முருங்கைக்கீரை உண்ணும் வேளையில் ஒரு நெல்லிக்காயும் உண்பது நன்று. தேநீரைப் பிறிதொரு பொழுதிற் பருகலாம்.

எனினும், எல்லாச் சோகையும் கீரையால் தீருமென்று எண்ணுதல் பிழை. வெறுங்காலின் வழியே உடலுட் புகும் கொக்கிப்புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். அப்புழு நீங்காதவரை, உண்ணும் சத்து ஓட்டைக் குடத்தில் வார்த்த நீரேயாகும். பெருங்குருதிப் போக்கும் பிற நோய்களும் சோகையை விளைவிக்கும். எனவே, குருதியைச் சோதித்துக் காரணம் அறிந்த பின்னரே மருந்து கொள்ளல் வேண்டும். நோயின் காரணத்தை ஆராயுமாறு வள்ளுவரும் அறிவுறுத்தியுள்ளார். மருத்துவர் தரும் மாத்திரையை விலக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நம்புதலும், மாத்திரை இருக்கின்றதென்று கீரையை இகழ்தலும் அறிவுடைமை ஆகா.

வெளிறிய முகத்தோடு வகுப்பில் சோர்ந்திருக்கும் தோழியைக் கண்டால், அவளைச் சோம்பேறி என்று எள்ளாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உற்ற துணையாகும்.