உள்ளங்கையளவு பிளாஸ்டிக், லட்சங்களில் பில்

சேலையூரில் ஒரு மெக்கானிக் செட். மதியம் மூன்று மணி, தகரக் கூரை தகிக்கிறது. லிஃப்டில் ஏற்றிய ஜெர்மன் சொகுசு கார் ஒன்று கியர்பாக்ஸ் இல்லாமல் நிற்கிறது. மெக்கானிக் என் கையில் பழுப்பு நிறத் துண்டு ஒன்றை வைத்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். பக்கவாட்டில் இரண்டு பள்ளங்கள் ஓடின, ஒரு முனை உடைந்திருந்தது. “வளைச்சுப் பாருங்க சார்” என்றார். வளையவில்லை. கொஞ்சம் அழுத்தியதும் பழைய அப்பளம்போலப் பொட்டென்று உடைந்தது.

அதன் பெயர் டைமிங் செயின் கைடு. விலை சில ஆயிரம் ரூபாய். அதை மாற்றக் கார்க்காரர் கட்டப்போகும் பில் சில லட்சம். இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவே இருக்கும் அறிவியலைத் தெரிந்துகொண்டால், ‘உற்பத்திக் கோளாறு’ என்ற சொல்லுக்குச் சரியான பொருள் விளங்கும்.

இன்ஜினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடி கிராங்க்‌ஷாஃப்டைச் சுழற்றுகின்றன. காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் கதவுபோல் திறந்து மூடுபவை வால்வுகள். அவற்றை இயக்குவது கேம்‌ஷாஃப்ட். கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்‌ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,000 முறை திறந்து மூடும். இந்தத் தாளம் பிசகாமல் இரண்டையும் கட்டி இழுப்பதுதான் டைமிங் செயின். அது ஆடாமல் ஓட வழிகாட்டுவது என் கையில் உடைந்த அந்தத் துண்டு.

சத்தமும் எடையும் குறையட்டும் என்றுதான் கைடை நைலான் வகைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். யோசனையில் தவறில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கின் கலவை சரியில்லை என்றாலோ, வடிவத்தில் ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் குவிந்தாலோ, சூடான எண்ணெயில் வருடக்கணக்கில் கிடந்து நெகிழ்வை இழந்துவிடும். கைடு உடைந்தால் செயின் தளரும். காலையில் வண்டியை எடுக்கும்போது ‘கரகர’வென்று சத்தம் வருவது அப்போதுதான். கவனிக்காமல் ஓட்டினால் செயின் ஒரு பல் தாண்டும். மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் வந்து இடிக்கும். அதன்பிறகு கைடை மாற்றினால் போதாது, இன்ஜினையே மாற்ற வேண்டியிருக்கும்.

பில் ஏறுவதற்கு இன்னொரு காரணம், பாகம் உட்கார்ந்திருக்கும் இடம். 2007-இல் அறிமுகமான பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில் செயினை முன்பக்கம் வைக்காமல், கியர்பாக்ஸை ஒட்டிய பின்பக்கம் வைத்தார்கள். அந்த முனையில் கிராங்க்‌ஷாஃப்டின் முறுக்கு அதிர்வு குறைவு என்பதால் பொறியாளர் பார்வையில் அது நல்ல முடிவு. ஆனால் அந்த இன்ஜினின் செயின் தேய்வதாகப் பல நாடுகளில் புகார் கிளம்பியபோது, ரிப்பேர் செய்யக் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டியிருந்தது. பாகத்தைவிடக் கூலி பல மடங்கு ஆனது. வரைபடம் போட்டபோதே ரிப்பேர் செலவும் எழுதப்பட்டுவிட்டது என்றே சொல்வேன்.

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் சிங்கப்பெருமாள் கோவில் அருகே, மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை இருக்கிறது. 2007 மார்ச்சில் திறந்தார்கள். மறைமலை நகர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று சுற்றிலும் கார்த் தொழில்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்தத் தொழிற்சாலைகளில் நட்டு முடுக்குகிறார்கள், வெல்டிங்கைச் சோதிக்கிறார்கள். ஒரு பாகம் பிசகினால் என்ன ஆகும் என்பது இந்தப் பகுதிக்கு வேற்றூர்ச் சேதி அல்ல.

எவ்வளவு தூரம் பிசகலாம் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 2018-இல் அங்கே 40-க்கும் மேற்பட்ட பி.எம்.டபிள்யூ கார்கள் தீப்பிடித்தன. அதிகம் எரிந்தது 520டி என்ற டீசல் மாடல். குற்றவாளி, புகையைக் குளிரவைக்கும் ஒரு சிறு கருவி. டீசல் இன்ஜினில் நைட்ரஜன் ஆக்சைடு நச்சைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புவார்கள். குளிரவைக்கும் கூலரில் ஓடுவது தண்ணீரும் கிளைக்காலும் கலந்த கூலன்ட். கூலரில் விரிசல் விட்டால் கூலன்ட் கசிந்து, புகைக்கரியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் சேர்ந்து பசைபோல் படியும். சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும், கிளைக்கால் தங்கிவிடும். அது எரியக்கூடியது. பல நூறு டிகிரி சூட்டில் வரும் புகை அதன்மேல் பட்டால் கங்கு பற்றும். அந்தக் கங்கு பிளாஸ்டிக்கால் ஆன காற்றுக்குழாயில் ஓட்டை போட்டு இன்ஜின் அறைக்குள் விழும்.

கொரியாவில் முதலில் சுமார் 1,06,000 கார்களைத் திரும்பப் பெற்றார்கள். சோதனைக்கு வராத கார்கள் சாலையில் ஓடக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. உலக அளவில் அந்த எண்ணிக்கை 16 லட்சத்தைத் தொட்டது. கோளாறு தெரிந்தும் நிறுவனம் தாமதித்தது என்று அரசின் விசாரணைக் குழு 2018 டிசம்பரில் அறிவித்தது. 1,120 கோடி வோன் அபராதம் விதிக்கப்பட்டது.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது 2013-இல் நடந்தது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஏழு கியர் கொண்ட இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் மின்கோளாறு வந்து வண்டி நடுரோட்டில் இழுவையின்றி நின்றது. அதே கியர்பாக்ஸ் ஆடி, ஸ்கோடா கார்களிலும் உண்டு. அந்த மார்ச் மாதம் சீனாவில் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களுக்குக் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது, செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்ற. எந்த நிலைமையில் கோளாறு வருகிறது என்று நிறுவனமே சொன்னதைக் கவனியுங்கள்: வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊரில், நின்று நின்று நகரும் போக்குவரத்தில்.

மே மாதத்துக் குரோம்பேட்டையையும், மாலை ஆறு மணிக்குப் பெருங்களத்தூரையும் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரு சின்னக் கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. சராசரி வேகத்தில் 10,000 கி.மீ. ஓட 167 மணி நேரம் ஆகும். இரும்புலியூரிலிருந்து வண்டலூர் வரை ஊர்வதுபோல் 15 கி.மீ. சராசரியில் அதே தூரத்துக்கு 667 மணி நேரம். மீட்டரில் ஒரே எண். ஆனால் இன்ஜினும் எண்ணெயும் நான்கு மடங்கு நேரம் சூட்டில் கிடந்திருக்கின்றன. கிலோமீட்டரை மட்டும் பார்த்து சர்வீஸ் விடுவது இந்த ஊருக்குப் பொருந்தாது.

இதைச் சொன்னதும் சில சர்வீஸ் சென்டர்கள் பிடித்துக்கொள்ளும் வாதம் ஒன்று உண்டு: “உங்க ஓட்டற விதம்தான் சார் காரணம், இது தேய்மானம்.” தேய்மானம் வேறு, கோளாறு வேறு. பிரேக் பேட், டயர், கிளட்ச் தட்டு தேய்வது இயல்பு. தேய்வதற்கென்றே செய்த பாகங்கள் அவை. இன்ஜின் இருக்கும்வரை இருக்கவேண்டிய பாகம் பாதி வயதில் உடைந்தால், அதுவும் ஒரே மாடலில் பலருக்கு ஒரே இடத்தில் உடைந்தால், அதை ஓட்டுநர் தலையில் கட்டுவது நியாயமில்லை. சென்னையில் விற்கும் கார் சென்னை வெயிலைத் தாங்கத்தான் வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் கைவிடவில்லை, மெதுவாகத்தான் வருகிறது. ஹைதராபாத்தில் ஜி.வி.ஆர். இந்தியா ப்ராஜெக்ட்ஸ் நிறுவனம் 2009 செப்டம்பர் 25-இல் வாங்கிய பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் கார் நான்காம் நாளே கோளாறானது. 50 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலை 10-இல். அதே மாதம் இன்னொரு வழக்கில், உள்ளே தரையின் நடுமேடு தாங்கமுடியாமல் சூடான ஒரு மெர்சிடிஸ் காருக்கு 36 லட்சம் ரூபாய் தர உத்தரவானது. அந்தக் கார் கம்பெனி பெயரில் இயக்குநருக்காக வாங்கியது. அதனால் மட்டும் நுகர்வோர் உரிமை போய்விடாது என்பதும் அதில் உறுதியானது. 2006-இல் மாருதி வழக்கொன்றில், பாகத்தை மாற்றித் தீரும் கோளாறுக்கு முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றும் இதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே என்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்று காட்டும் பொறுப்பு நம்மிடம்தான். நுகர்வோர் ஆணையம் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நாம் அதைக் குப்பையில் போட்டிருந்தால் எதை அனுப்புவது?

எனவே பழுதான பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பாகம், உங்கள் காசு. ஸ்கேனர் காட்டிய எரர் கோடின் நகலை வாங்குங்கள். ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்பப்பெறும் பட்டியலில் உங்கள் கார் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இருந்தால் அந்த ரிப்பேர் இலவசம். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தாம்பரத்துக்காரர்களுக்கு மாவட்ட ஆணையம் செங்கல்பட்டில் இருக்கிறது. காருக்குக் கொடுத்த தொகை 50 லட்சத்தைத் தாண்டினால் சென்னையில் மாநில ஆணையம். கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.